அத்தியாயம் 6: ஒரு லேப் பாசிட்டிவ் என்கிறது, இன்னொன்று நெகட்டிவ் என்கிறது

ஹெபடைட்டிஸ் சி-யைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பரிசோதனை இருந்திருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது. இருப்பவை இரண்டு வகை. உங்களுக்கு எடுத்தது எது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ரத்தத்தில் "எச்.சி.வி. ரியாக்டிவ்" என்று வருகிறது. வீட்டில் எல்லோரும் பதறிப்போய், பஸ் ஸ்டாண்டு அருகிலுள்ள வேறொரு லேபில் கொடுக்கிறார்கள். அங்கே "நான்-ரியாக்டிவ்". மூன்றாவதாக நகரத்துப் பெரிய லேபில் பி.சி.ஆர். எடுத்தால் "வைரஸ் கண்டறியப்படவில்லை". இதற்குள் சில ஆயிரம் ரூபாய் போயிருக்கும், அறுவை தள்ளிப்போயிருக்கும், பக்கத்து வீட்டுக்கும் விஷயம் எட்டியிருக்கும். எந்த லேப் பொய் சொன்னது என்ற கேள்வியோடுதான் அநேகர் டாக்டரிடம் வருகிறார்கள். பெரும்பாலும் எந்த லேபும் பொய் சொல்லியிருக்காது. ஒவ்வொன்றும் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. கேள்விகள்தான் வேறு வேறு.

இரண்டு கேள்விகள்

முதல் வகைச் சோதனை தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உங்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை. ரிப்போர்ட்டில் "ஆன்டி எச்.சி.வி." என்று இருக்கும். கார்டு டெஸ்ட், எலைசா, சி.எல்.ஐ.ஏ. எல்லாம் இந்த வகைதான். செய்யும் முறைதான் மாறுகிறது. இரண்டாம் வகை, ரத்தத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வைரஸின் மரபுப்பொருளையே தேடுவது. "எச்.சி.வி. ஆர்.என்.ஏ.", "பி.சி.ஆர்.", "வைரல் லோடு", "நேட்" என்று பல பெயர்களில் வரும்.

தோட்டத்து வேலியில் பாம்புச் சட்டை கிடந்தால் பாம்பு வந்தது உறுதி. இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்பதைச் சட்டை சொல்லாது. ஆன்டிபாடி அந்தச் சட்டை. ஆர்.என்.ஏ. சோதனை என்பது பாம்பையே தேடிப் பார்ப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் பாதி முடிந்தது.

இப்படி இரண்டு படியாக அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1970-களிலும் 80-களிலும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. அது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. பெயர் தெரியாததால் "ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத" ஹெபடைட்டிஸ் என்றே அழைத்தார்கள். 1989-இல் மைக்கேல் ஹாட்டனின் குழு வைரஸின் மரபுப்பொருளைப் பிடித்தது. அதை வைத்து முதலில் செய்ய முடிந்தது ஆன்டிபாடி சோதனை. மலிவு, வேகம், ஆயிரக்கணக்கான ரத்தப் பைகளைச் சலிக்க ஏற்றது. ஹாட்டனும் ஹார்வி ஆல்டரும் சார்ல்ஸ் ரைஸும் 2020-இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டதற்குப் பின்னால் இந்தச் சோதனை காப்பாற்றிய உயிர்கள் இருக்கின்றன. ஆனால் சலிப்பதற்காகச் செய்த கருவி எதையும் தவறவிடக் கூடாது என்று அமைக்கப்படுவது. அதனால் சில சமயம் நோயில்லாதவரையும் பிடித்துவிடும். அதைச் சரிபார்க்கத்தான் இரண்டாவது படி. முதல் படியிலேயே நோய் என்று முடிவு கட்டுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. அதை நோயாளிகள் மட்டும் செய்வதில்லை.

ரிப்போர்ட்டுகளை மேசையில் பரப்புங்கள்

கையில் இருக்கும் எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களையும் அச்செடுத்துச் சேருங்கள். முதலில் பார்க்கவேண்டியது பெயரும் வயதும் மாதிரி எண்ணும். சிரிக்காதீர்கள். ஒரே நாளில் ஒரே லேபுக்கு இரண்டு முருகன்களும் மூன்று லட்சுமிகளும் வரும் ஊர் இது. இனிஷியல் மாறினால் ஆளே மாறிவிடும். அடுத்து, அது சி-தானா என்று பாருங்கள். "எச்.பி.எஸ்.ஏஜி" என்று இருந்தால் அது ஹெபடைட்டிஸ் பி சோதனை. பி-யில் நெகட்டிவ், சி-யில் பாசிட்டிவ் என்ற இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு முரண்பாடு என்று குழம்புபவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனி வைரஸ்கள். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு இல்லை. பி ஊசி போட்டுக்கொண்டதால் சி பாசிட்டிவ் ஆகிவிட்டது என்ற பேச்சிலும் அர்த்தமில்லை.

பிறகு ஒவ்வொரு தாளின் மேலும் பென்சிலால் எழுதுங்கள்: ஆன்டிபாடியா, ஆர்.என்.ஏ.-யா, என்ன முறை, என்ன எண். தெரியவில்லை என்றால் லேபுக்கே போன் செய்யலாம். "மேடம், இது ஆன்டிபாடி டெஸ்ட்டா, ஆர்.என்.ஏ. டெஸ்ட்டா? கார்டில் பார்த்ததா, மெஷினில் பார்த்ததா? எண் ஏதும் வந்திருந்தால் சொல்லுங்களேன்" என்று கேட்டால் நல்ல லேபில் சொல்வார்கள். சொல்லத் தயங்கும் லேபில் அடுத்த சோதனையைக் கொடுக்காதீர்கள்.

ஆன்டிபாடி பாசிட்டிவ், ஆர்.என்.ஏ. நெகட்டிவ்

அதிகம் பேரைத் தூங்கவிடாமல் செய்வது இந்த ஜோடிதான். நல்ல செய்திக்கு மிக அருகில் நிற்பதும் இதுதான். ஆர்.என்.ஏ. இல்லையென்றால், சோதனை எடுத்த அன்று உங்கள் ரத்தத்தில் பிடிபடும் அளவுக்கு வைரஸ் இல்லை. அப்படியென்றால் ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது?

வைரஸ் வந்து தானே போயிருக்கலாம். இந்தத் தொற்று வந்தவர்களில் 100-க்குச் சுமார் 30 பேருக்கு, எந்த மருந்தும் இல்லாமல் ஆறு மாதத்துக்குள் உடம்பே வைரஸை விரட்டிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பலருக்கு அப்படியொன்று வந்துபோனதே தெரியாது. ஆன்டிபாடி மட்டும் பல ஆண்டுகள், சிலருக்கு ஆயுள் முழுக்க, தங்கிவிடும். மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களின் நிலையும் இதுவே.

இன்னொரு காரணம், ஆன்டிபாடி சோதனையே தப்பாகக் காட்டியிருப்பது. இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கவேண்டும். கல்லூரிகளில் ரத்ததான முகாம் நடக்கிறது, 10,000 மாணவர்கள் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் உண்மையாகவே ஆன்டிபாடி உள்ளவர்கள் 30 பேர். சோதனை மிக நல்ல சோதனை; ஆன்டிபாடி இல்லாத 1,000 பேரில் 5 பேரைத்தான் தவறாகப் பிடிக்கும். அப்படியும் மீதி 9,970 பேரில் ஏறக்குறைய 50 பேர் தவறாகப் பாசிட்டிவ் ஆவார்கள். மொத்தம் 80 பேருக்கு பிளட் பேங்க்கிலிருந்து போன் போகும். அதில் 50 பேர் சும்மா பயந்தவர்கள். இப்போது அதே சோதனையை, 1,000 டயாலிசிஸ் நோயாளிகளில் 100 பேருக்கு ஆன்டிபாடி இருக்கும் இடத்தில் வையுங்கள். தவறாக வருபவர்கள் நாலைந்து பேர்தான். பாசிட்டிவ் வந்த நூற்றுச்சொச்சம் பேரில் அநேகமாக எல்லோருக்கும் அது உண்மை. எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் விஷயம் அப்படித்தான் நடக்கிறது: ஒரே தாள், ஒரே சொல், யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் கனம் மாறுகிறது. அதனால்தான் "முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா, டயாலிசிஸ் உண்டா, ஊசி மூலம் போதை மருந்து எடுத்ததுண்டா, சரியாகக் கொதிக்கவைக்காத ஊசி போட்ட காலத்து வைத்தியம் உண்டா" என்று டாக்டர் கேட்கிறார். கோபித்துக்கொள்ளாமல் உண்மையைச் சொல்லுங்கள். ரத்த தானத்தில் சி-க்கான சோதனை நம் நாட்டில் கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்ட அம்மாவையும் பெரியப்பாவையும் நினைவுபடுத்திக் கேளுங்கள்.

எலைசா, சி.எல்.ஐ.ஏ. ரிப்போர்ட்டில் "ரியாக்டிவ்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். எஸ்/சி.ஓ. என்பார்கள். உங்கள் மாதிரி தந்த சமிக்ஞையை வெட்டுக்கோட்டு அளவால் வகுத்து வருவது. பெரும்பாலான கருவிகளில் 1-க்கு மேல் போனால் ரியாக்டிவ். 1.3 என்பதும் ரியாக்டிவ்தான், 14 என்பதும் ரியாக்டிவ்தான். ஆனால் 1.3-ஐப் பார்த்து அனுபவமுள்ள டாக்டர் புருவம் உயர்த்துவார். 14-ஐப் பார்த்தால் உடனே ஆர்.என்.ஏ. எழுதுவார். எண் கூடக்கூட அது உண்மையான ஆன்டிபாடியாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. எந்த எண்ணுக்கு மேல் நம்பலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆகவே ஒரு லேபின் 3-ஐ இன்னொரு லேபின் 6-உடன் ஒப்பிட்டு "இரட்டிப்பாகிவிட்டதே" என்று அழாதீர்கள். இந்த எண் நோயின் தீவிரத்தையும் சொல்லாது.

மூட்டுவாதம், கல்லீரலையே உடம்பு தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் போன்றவை இருந்தாலும் ரத்தத்தில் புரதங்கள் மிகுந்து, குறைந்த எண்ணில் தவறான பாசிட்டிவ் வருவதுண்டு.

முன்பெல்லாம் ஆன்டிபாடி உண்மைதானா என்று பார்க்க ரிபா என்றொரு சோதனை இருந்தது. பழைய புத்தகங்களில் அதைப் பார்த்துவிட்டு லேப் லேபாகத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அது கடையை மூடிவிட்டது. 2013-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தன் வழிமுறையைத் திருத்தியபோது ஆன்டிபாடிக்கு அடுத்தது நேராக ஆர்.என்.ஏ. என்று ஆக்கியது, நம் ஊரிலும் அதே ஒழுங்குதான்.

அப்படியானால் ஒரு ஆர்.என்.ஏ. நெகட்டிவ் வந்தால் முடிந்ததா? கடந்த ஆறு மாதத்துக்குள் தொற்று நேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்றால், அநேகமாக முடிந்தது. தவறுதலாகக் கையில் ஊசி குத்திக்கொண்ட நர்ஸ், புதிதாக டயாலிசிஸ் தொடங்கியவர், அண்மையில் வேறெங்கோ ரத்தம் ஏற்றியவர் என்றால் முடியவில்லை. தொற்றின் முதல் மாதங்களில் வைரஸ் ஏறி இறங்கும். ஒரு வாரம் பிடிபடாமல் போய் மறுபடியும் தலைகாட்டும். அவர்கள் மூன்றிலிருந்து ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை ஆர்.என்.ஏ. எடுக்கவேண்டும்.

ஒரு மனக்குறையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரத்த தானத்தில் ரியாக்டிவ் ஆனவர், பிறகு ஆர்.என்.ஏ. நெகட்டிவ் என்று நிரூபித்தாலும், பிளட் பேங்க் பெரும்பாலும் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளாது. ரத்தம் வாங்கப்போகிறவரின் பக்கம் சாய்ந்த விதி அது. உங்களுக்கு நோய் என்று அதற்கு அர்த்தமில்லை.

ஆன்டிபாடிக்குள்ளேயே முரண்

ஒரு லேபில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ், இரண்டும் ஆன்டிபாடி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்டை. கர்ப்பப் பரிசோதனை போலக் கோடு விழும் கார்டு அது. நல்ல கார்டுகள் நன்றாகவே வேலை செய்கின்றன. அரசுத் திட்டத்திலும் அவற்றைத்தான் முதல் சலிப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். சிக்கல் படிப்பதில் வருகிறது. ஒவ்வொரு கார்டுக்கும் இத்தனை நிமிடத்துக்குள் படிக்கவேண்டும் என்று கெடு உண்டு. கூட்டத்தில் மறந்துபோய் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இல்லாத கோடு லேசாகத் தெரியும். வெயிலில் கிடந்த பெட்டி, காலாவதி தாண்டிய கார்டு என்பவை தனிக் கதை.

மெஷினில் எடுத்தவை இரண்டும் முரண்பட்டால் எண்களைப் பாருங்கள். அநேகமாக ஒன்று 0.9, மற்றது 1.2 என்று வெட்டுக்கோட்டின் இரு கரையிலும் நிற்கும். அது முரண்பாடே அல்ல. தொற்று வந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு ஆன்டிபாடி தேய்ந்துகொண்டே வந்து இந்தக் கோட்டில் ஊசலாடுவதும் உண்டு.

முடி வளர்வதற்கென்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரையையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். சில மெஷின்கள் பயோட்டினையே தங்கள் சோதனையின் ஒட்டுப்பொருளாகப் பயன்படுத்துகின்றன. அதிக அளவில் அந்த மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் சோதனை தடுமாறும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. மாத்திரைகளைப் பற்றி லேபில் கேட்பதில்லை, நீங்களாகச் சொல்லுங்கள்.

இந்த நிலையில் நான்காவது, ஐந்தாவது ஆன்டிபாடி சோதனை எடுத்துப் பெரும்பான்மை பார்ப்பது வீண். இது பஞ்சாயத்துத் தேர்தல் இல்லை. ஒரே ஒரு ஆர்.என்.ஏ. சோதனை எடுத்தால் விவகாரம் தீரும்.

ஆன்டிபாடி நெகட்டிவ், ஆர்.என்.ஏ. பாசிட்டிவ்

அரிது; ஆனால் அலட்சியம் செய்யக் கூடாத ஜோடி. வைரஸ் உடம்பில் நுழைந்து ஒன்றிரண்டு வாரத்திலேயே ஆர்.என்.ஏ. சோதனையில் தெரியத் தொடங்கும். ஆன்டிபாடி தெரிய 8 முதல் 11 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். இந்த இடைவெளியில் எடுத்த ரத்தம் இப்படித்தான் இரண்டு பதில் சொல்லும். மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள் ஆகியோருக்கு ஆன்டிபாடி உண்டாக்கும் திறன் குன்றியிருப்பதால், தொற்று முற்றிய பிறகும் ஆன்டிபாடி நெகட்டிவ் என்றே வரலாம். எனவே இவர்களுக்குக் கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. காரணமில்லாமல் ஏறினால் ஆன்டிபாடியோடு நிற்காமல் ஆர்.என்.ஏ. கேட்டு வாங்கவேண்டும்.

டயாலிசிஸ் சென்டர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல இருக்கிறது. நம் ஊர் சென்டர்களில் "பாசிட்டிவ் மெஷின்", "நெகட்டிவ் மெஷின்" என்று பிரித்து வைத்திருப்பது வழக்கம். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக, வைரஸ் இல்லாதவரைக்கூடப் பாசிட்டிவ் பக்கம் தள்ளிவிடுவார்கள். குணமானவரும் அங்கேயே கிடப்பார். அவரோடு அங்கே இருப்பவர்களுக்கு வைரஸ் இருக்கிறது. தொற்று பரவுவது பெரும்பாலும் மெஷினின் வயிற்றுக்குள்ளிருந்து அல்ல. மாற்றாத கையுறை, பங்கிட்ட ஹெப்பாரின் புட்டி, துடைக்காத மேசை வழியாகத்தான். சிறுநீரக நோய்க்கான பன்னாட்டு வழிகாட்டுதலும் தனி மெஷினைவிடச் சுத்த நடைமுறையைத்தான் வற்புறுத்துகிறது. ஆகவே ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை நெஃப்ராலஜி டாக்டரிடம் காட்டி, "சார், எனக்கு வைரஸ் இல்லை, எந்த மெஷினில் போடுகிறீர்கள் என்பதை இதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதோடு, சிஸ்டரிடம் சொல்லி ஆர்.என்.ஏ.-க்கான ரத்தத்தை ஹெப்பாரின் கொடுப்பதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். ஹெப்பாரின் கலந்த மாதிரியில் பி.சி.ஆர். திணறும், இருக்கும் வைரஸ் இல்லை என்று வந்துவிடக்கூடும்.

ஆர்.என்.ஏ.-வுக்கும் ஆர்.என்.ஏ.-வுக்கும்

வைரல் லோடு 6,00,000 என்று ஜனவரியில் வந்தது, மார்ச்சில் வேறு லேபில் 15,00,000. இரண்டரை மடங்கு கூடிவிட்டது, கல்லீரல் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். இந்த எண்களை டாக்டர்கள் லாக் கணக்கில் படிக்கிறார்கள். ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே அது இருக்கும். முதலாவது 5.78, அடுத்தது 6.18. வித்தியாசம் 0.4. அரை லாக் வரை ஏறி இறங்குவது சோதனையின் இயல்பும் உடம்பின் இயல்பும் சேர்ந்தது. அதற்குப் பொருள் இல்லை. அதிலும் முக்கியமாக, வைரல் லோடு அதிகம் என்றால் கல்லீரல் அதிகம் கெட்டது என்று ஆகாது. கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பதை ஃபைப்ரோஸ்கேனும் ரத்தத்தில் பிளேட்லெட், எஸ்.ஜி.ஓ.டி. போன்றவற்றிலிருந்து போடும் கணக்குகளும்தான் சொல்லும்.

பழைய ரிப்போர்ட்டில் அளவு "காப்பி" என்றும் புதியதில் "ஐ.யு." என்றும் இருந்தால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.

அடிமட்டத்தில்தான் சொற்கள் விளையாடுகின்றன. "கண்டறியப்படவில்லை" என்பது ஒன்று. "15-க்குக் கீழ், கண்டறியப்பட்டது" என்பது வேறொன்று: வைரஸ் இருக்கிறது, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை. சில லேப்கள் இரண்டுக்கும் "15-க்குக் கீழ்" என்று மட்டும் அச்சிட்டுவிடுகின்றன. அப்படி இருந்தால் கண்டறியப்பட்டதா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ முடித்த அன்றோ இப்படிச் சொற்பமாக வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அப்படி வந்தும் முழுக்கக் குணமானவர்கள் பலர். மருந்தை நிறுத்தவோ இன்னொரு மருந்து தேடவோ அது காரணம் ஆகாது.

சிலருக்கு, அதிக வைரல் லோடு இருந்து அடுத்த லேபில் "இல்லை" என்று வரும். மருந்தும் எடுக்கவில்லை. தானே போவது தொற்றின் முதல் ஆறு மாதத்தில் நடக்கும். பல ஆண்டுப் பழைய தொற்று அப்படி ஓடிப்போவது மிக அபூர்வம். மாதிரி மாறியிருக்கலாம், ரத்தம் எடுத்து மணிக்கணக்காகப் பிரிக்காமல் வெப்பத்தில் கிடந்து ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கலாம். அதற்கு மாறாக, பக்கத்துக் குழாயின் துளி கலந்து குறைந்த எண்ணில் பொய்யாகப் பாசிட்டிவ் வருவதும் உண்டு. இரண்டு நிலையிலும் புதிதாக ரத்தம் கொடுத்துத் திரும்பச் செய்யவேண்டும். பழைய மாதிரியையே ஓட்டிப் பயனில்லை. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் பயணம் செய்யும் மாதிரியைவிட, காசநோய்க்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பர்ட், கோவாவில் தயாராகும் ட்ரூநேட் போன்ற கருவிகள் இருக்கும் இடத்தில் அங்கேயே கொடுப்பது நல்லது.

எஸ்.ஜி.பி.டி. நார்மல்தானே?

நார்மலாக இருந்தாலும் வைரஸ் இருக்கலாம். கண் மஞ்சளாகவில்லை, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பவையும் வைரஸ் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இந்த நோய் இருபது ஆண்டு சத்தமில்லாமல் இருக்கும். காமாலை என்றதும் கீழாநெல்லி அரைக்க ஓடும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஆர்.என்.ஏ. முடிவு வரும்வரை எந்த இலையும் பொடியும் வேண்டாம். இடையில் எஸ்.ஜி.பி.டி. ஏறினால் காரணம் வைரஸா பொடியா என்று டாக்டருக்கே தெரியாமல் போகும். மதுவும் அந்த நாட்களில் வேண்டாம், பிறகும் வேண்டாம்.

கைக்குழந்தை

தாய்க்கு வைரஸ் இருந்தால் 100 பிரசவத்தில் ஐந்தாறு குழந்தைகளுக்குப் போகும். ஆனால் தாயின் ஆன்டிபாடி எல்லாக் குழந்தைகளுக்கும் போகும், ஒன்றரை வயது வரை தங்கும். ஆகவே ஆறு மாதக் குழந்தைக்கு ஆன்டிபாடி எடுத்துப் பாசிட்டிவ் என்று கலங்குவதில் பொருளில்லை. குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்து ஆர்.என்.ஏ. எடுக்கலாம், அல்லது 18 மாதம் முடிந்ததும் ஆன்டிபாடி எடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம், காம்பில் புண்ணோ ரத்தக் கசிவோ இருக்கும் நாட்களில் மட்டும் அந்தப் பக்கத்தைத் தவிர்க்கலாம்.

வைரஸ் இருக்கிறது என்று உறுதியானால்

2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கேஸ்ட்ரோ பிரிவில் விசாரித்தால் சிகிச்சை மையத்தைச் சொல்வார்கள். கல்லீரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் என்ற இரண்டு மருந்துகள், 12 வாரம். சுருக்கம் இருந்தால் டக்லாடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர். சிலருக்கு இன்னும் நீளும். 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம் எடுத்திருக்கவேண்டும். பி-யும் உடன் இருந்தால், சி அடங்கும்போது பி விழித்துக்கொண்டு கல்லீரலைத் தாக்கும் ஆபத்து உண்டு.

குணமாகும் வரையிலும் வீட்டில் தட்டு, டம்ளர் பிரிக்கவேண்டாம். ஒரே கட்டிலில் படுக்கலாம், பேரனைக் கொஞ்சலாம். ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனி.

குணமான பிறகும் "பாசிட்டிவ்"

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. "கண்டறியப்படவில்லை" என்றால் குணம். அதன் பிறகு வைரஸ் தானே திரும்புவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் ஆன்டிபாடி சோதனை எங்கே எடுத்தாலும் பாசிட்டிவ்தான் வரும். இதைத் தெரியாத ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கப் போனாலும், மூட்டு மாற்றப் போனாலும் பழைய கலவரம் மீண்டும் தொடங்கும். வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் சி ஆன்டிபாடியும் உண்டு. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டும் முன், ஆன்டிபாடி உள்ளவர் ஆர்.என்.ஏ. காட்டினால் ஏற்றுக்கொள்வார்களா என்பதை மெடிக்கல் சென்டரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆன்டிபாடி காட்டாமல் போக மருந்து தருகிறேன் என்பவர் உங்களிடம் பணம் பறிக்கப் பார்க்கிறார்.

இந்த ஆன்டிபாடி பாதுகாப்பும் தராது. மறுபடி தொற்று வந்தால் மறுபடி நோய்தான். ஆகவே குணமானவர் பின்னாளில் சந்தேகம் வந்தால் ஆன்டிபாடி எடுத்து ஒரு பயனும் இல்லை, நேராக ஆர்.என்.ஏ. எடுக்கவேண்டும். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தவர்கள், வைரஸ் போனாலும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கட்டி வரும் வாய்ப்பு குறையுமே தவிர ஒழியாது.

மருந்து தொடங்கும் முன் எடுத்த வைரல் லோடு, 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ., டிஸ்சார்ஜ் தாள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். மையத்து டாக்டரிடம் ஒரு வரி எழுதி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த மருந்து, கடைசி மாத்திரை எந்தத் தேதி, ஆர்.என்.ஏ. எடுத்தது எந்தத் தேதி, ஆன்டிபாடி தொடர்ந்து பாசிட்டிவாகவே இருக்கும். அடுத்த முறை எந்த கவுன்ட்டரில் "உங்களுக்கு எச்.சி.வி. பாசிட்டிவ்" என்று சொன்னாலும் அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள், பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.